பாட்டியின் உருளி வெண்கலமா, பித்தளையா?

கேள்வி: பாட்டி தந்த உருளி, நல்ல கனம். வெண்கலம்தானா? ஈயம் பூச வேண்டுமா?

பதில்: எங்கள் குடும்பம் நாச்சியார்கோவிலில் மூன்று தலைமுறையாக வார்ப்புப் பட்டறை நடத்துகிறது. விரலால் சுண்டிப் பாருங்கள். ஓசை மணிபோல நீண்டு நின்றால் வெண்கலம்: செம்பு ஏறக்குறைய 78 பங்கு, வெள்ளீயம் 22. ஈயப்பூச்சு வேண்டாம். பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். புளி சேர்த்துச் சமைக்க வெள்ளீயம் பூசியே ஆகவேண்டும்.

காவிரி வண்டல் மண்ணில்தான் எங்களுக்கு அச்சு. உருகிய உலோகக் குழம்பின் நிறத்தைப் பார்த்தே அப்பா “ஊற்று” என்பார். அந்தக் கண் எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

அப்புறம், கீழே போட்டுவிடாதீர்கள். வெண்கலம் நெளியாது, விரிசல் விடும்.

கேட்டவர்: சுண்டினேன் அண்ணா, ஓசை அடங்கவே நேரமானது! நன்றி.

இன்னொருவர்: விரிசல் விட்டால் பற்றவைக்கலாமா?

பதில்: ஒட்டு நிற்காது. உருக்கி மறுபடி வார்ப்பதுதான் வழி.