கற்றுக்கொடுத்தவருக்கே சூப்பர்வைசரானேன்: லைன் முறைக்கு மாறும்போது எப்படி நடத்துவது?

கேள்வி (பிளோர் சூப்பர்வைசர், திருப்பூர்)

ஒரு பனியன் கம்பெனியில் 11 ஆண்டுகள் டெய்லராக இருந்த என்னைத் தீபாவளிக்குப் பிறகு சூப்பர்வைசராக்கினார்கள். அடுத்த மாதமே, பண்டில் கட்டிக் கொடுத்துத் தைக்கும் முறையை விட்டு, ஒவ்வொரு பீஸாகக் கைமாற்றும் லைன் முறைக்கு மாறினோம்; பீஸ் ரேட் போய் ஷிப்ட் சம்பளம் வந்தது. மூன்று வாரங்களாகியும் பழைய உற்பத்தியை எட்ட முடியவில்லை. எனக்கு ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கும் மிஷின்) ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணன், "இத்தனை நாள் என் கை வேகத்துக்குச் சம்பாதித்தேன், இனிப் பக்கத்து மிஷின்காரனின் வேகத்துக்கா?" என்று கேட்டார். பதில் தெரியாமல், அத்தனை பேர் முன்னிலையில் குரலை உயர்த்திவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவதில்லை. இதை எப்படிச் சரிசெய்வது?

பதில் 1 (ஓய்வு பெற்ற புரொடக்‌ஷன் மேனேஜர்)

தம்பி, அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குக் கணக்கால்தான் பதில் சொல்ல முடியும். கழுத்துப்பட்டி வைக்க 45 விநாடி ஆகிறதென்றால், மற்ற எல்லாரும் 30 விநாடியில் முடித்தாலும் அந்த லைனில் மணிக்கு 80 பீஸ்தான் இறங்கும். வேகமான டெய்லரை விரட்டிப் பயனில்லை. ஸ்டாப்வாட்ச்சுடன் இரண்டு நாள் நின்று எந்த மிஷினில் பீஸ் தேங்குகிறது என்று பார்த்து, அங்கே இன்னொரு மிஷின் போடுங்கள், அல்லது அந்த வேலையை இரண்டாகப் பிரியுங்கள்.

அதைவிட முக்கியமானது சம்பளம். பீஸ் ரேட்டில் கைவேகம் உள்ளவர் ஈட்டியதை ஷிப்ட் சம்பளம் ஈடுகட்டாது என்பதால், இந்த மாற்றத்தில் முதலில் இழப்பவர் உங்கள் மிகச் சிறந்த டெய்லர்தான். சம்பளப் பதிவேட்டிலிருந்து கடைசி மூன்று மாதச் சராசரியை எடுத்து, லைன் பழகும்வரை அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று முதலாளியிடம் கேளுங்கள். பண்டில் முறையில் ஓவர்லாக்கில் விழும் பிழை பல டஜன் பீஸ் தாண்டிச் செக்கிங்கில்தான் தெரியும், லைனில் அடுத்த கையிலேயே தெரிந்துவிடும். டேமேஜ் குறைவதால் கம்பெனிக்கு மிச்சமாவதை எழுதிக் காட்டினால் முதலாளி காது கொடுத்துக் கேட்பார். சம்பளப் பேச்சைப் பேசாமல் உற்பத்தியை மட்டும் கேட்கும் சூப்பர்வைசரை யாரும் நம்ப மாட்டார்கள்.

பதில் 2 (செக்கிங் பிரிவுப் பொறுப்பாளர்)

அண்ணா, எல்லார் முன்னிலையிலும் திட்டிவிட்டுத் தனியே மன்னிப்புக் கேட்டால் அது பாதி மன்னிப்புதான். காலையில் லைன் தொடங்கும் முன், அத்தனை பேரும் இருக்கும்போதே, தவறு உங்களுடையது என்று அவரிடம் சொல்லுங்கள். என்னைவிட மூத்த பெண்களுக்குப் பொறுப்பாளரானபோது நானும் அதைத்தான் செய்தேன். அதிகாரம் குறைந்துவிடும் என்று அஞ்சினேன், குறையவில்லை. உங்கள் லைனில் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் இருந்தால், அவர்கள் மொழியில் யாரையாவது விளக்கச் சொல்லுங்கள். புரியாததைப் பலரும் எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்கிறோம்.

பதில் 3 (சாயப்பட்டறையில் இருந்தவர்)

நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில், 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது எங்களுக்கு வேலையே இல்லை. எங்கள் பொறுப்பாளர் நம்பிக்கை வார்த்தை எதுவும் சொல்லவில்லை. எப்போது திறக்கும் என்று தமக்குத் தெரியாது என்றார். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தெரிந்ததை மட்டும் சொல்ல வந்துவிடுவார். மீண்டும் திறந்தபோது, வேறிடத்தில் வேலை கிடைத்திருந்தும் அவருக்காகவே திரும்பியவர்களில் நானும் ஒருவன்.

கேள்வி கேட்டவர்

இன்று காலை லைன் முன் மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் மதியம் அவராகவே வந்து, கழுத்துப்பட்டி மிஷினில்தான் தேங்குகிறது என்று காட்டினார். நேரம் எடுத்துப் பார்த்தேன்: 52 விநாடி. சராசரிச் சம்பளக் கணக்குடன் நாளை முதலாளியைப் பார்க்கப் போகிறேன். அவர் மறுத்தால் லைனிடம் என்ன சொல்வது என்றும் யாராவது எழுதுங்கள்.