ரோல்அவுட்டுக்குத் தமிழ்: வெளியீடா, அமலாக்கமா, புழக்கேற்றமா?

அன்புள்ள குழுவினருக்கு,

மென்பொருள் "ரோல்அவுட்" (rollout) என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று ஓடும் இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்தச் சொல் எனக்கு ஆசைக்கு வேண்டியதில்லை, அவசரத்துக்கு வேண்டியது. நான் வேலை பார்க்கும் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைமை அலுவலகம் போகப் பதினான்கு கிளைகள். வழங்கியில் (server) இன்னமும் ஓடுவது சென்ட்ஓஎஸ் 7 என்ற இயங்குதளம். அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கூடவே வந்த தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.2 அதைவிடப் பழசு. இப்போதுதான் இயங்குதளம், தரவுத்தளம், கணக்கு மென்பொருள் மூன்றையும் மாற்ற ஒப்புதல் கிடைத்திருக்கிறது. கிளைகளுக்குச் சுற்றறிக்கை தமிழில் போக வேண்டும். ஆங்கிலத்தில் அனுப்பினால் கோப்பில் செருகிவிட்டு எனக்கு ஃபோன் போடுவார்கள்.

(வழங்கியா, சேவையகமா என்ற பழைய சண்டையை இந்த இழையில் யாரும் திறக்க வேண்டாம். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.)

முதல் வரைவில், இயந்திர மொழிபெயர்ப்பில் அடிக்கடி கண்ணில் படும் "வரிசைப்படுத்தல்" என்ற சொல்லைப் போட்டிருந்தேன். ஒரு கிளைச் செயலாளரை அழைத்துப் படித்துக் காட்டினேன். "புதிய மென்பொருள் அனைத்துக் கிளைகளிலும் வரிசைப்படுத்தப்படும்." அந்தம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிங்க சார், நாங்க எத்தனாவது வரிசை?" என்றார். அடுத்து "அமலாக்கம்" என்று மாற்றிப் படித்தேன். "அமலாக்கத் துறையா? சங்கத்துக்கா? என்ன சார் ஆச்சு?" நகைக்கடன் கொடுக்கும் இடத்தில் அந்தச் சொல்லை விளையாட்டுக்குக்கூட உச்சரிக்கக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

> "வெளியீடு" என்பதே போதுமே. எதற்குப் புதுச்சொல்?

போதாது ஐயா. வெளியீடு மென்பொருளைச் செய்தவர் வேலை. அவர் புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவார். நிறுவுதல் பொறியில் நடப்பது. அதை ஒரு ராத்திரியில் நானே முடித்துவிடுவேன். நாம் பேர் தேடுவது மூன்றாவதற்கு: நிறுவியதை ஆட்களின் கைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோவது, போகிற போக்கில் கவனிப்பது, சரியில்லை என்றால் நிறுத்துவது. இதற்கு வாரக்கணக்கில் ஆகும். கணினியைவிட மனிதர்கள்தான் இதில் அதிகம்.

கொஞ்சம் கொஞ்சமாக என்பதை ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறேன் என்றால், 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதுதானே? கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு சின்னக் கோப்பு. சுமார் 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அது படிப்படியாகப் போகவில்லை, எல்லோருக்கும் ஒரே வீச்சில் போயிருந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. தப்பைத் திருத்திய கோப்பு தயாராக இருந்தும், முடங்கிய கணினியால் அதை இறக்கிக்கொள்ள முடியவில்லை. பல இடங்களில் ஒவ்வொரு பொறிக்கும் ஆள் போய் உட்கார வேண்டியதாயிற்று. வெளியீடும் ஆனது, நிறுவலும் ஆனது. நாம் பேர் தேடிக்கொண்டிருக்கும் அந்த மூன்றாவது வேலை மட்டும் நடக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், என் கதையே இருக்கிறது. முன்பு வேறோர் இடத்தில் ஒரு திங்கட்கிழமை காலை எல்லாக் கிளைகளையும் ஒன்றாகப் புது மென்பொருளுக்கு மாற்றினோம். அது முகூர்த்த வாரம் என்பது கணினிப் பிரிவில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கல்யாணத்துக்கு நகையை மீட்க வந்தவர்கள் வாசல் வரைக்கும் நிற்கிறார்கள். அச்சான ரசீதில் எடைக் கட்டம் தசமத்தை விழுங்கிவிட்டது, 8.240 கிராம் என்பது வெறும் 8 என்று வந்தது. ஒரு பெரியம்மா ரசீதை மேசையில் வைத்து, விரலால் அந்த எட்டைத் தட்டி, "மீதி எங்க சாமி?" என்று கேட்டார். நகை பெட்டியில் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் அதை அவருக்கு எப்படி விளக்குவது? மதியத்துக்குள் எல்லாக் கிளைகளிலும் இதே கேள்வி. ஒரே ஒரு கிளையில் தொடங்கியிருந்தால் ஒரே ஒரு பெரியம்மாவோடு போயிருக்கும்.

இனி முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

> உருட்டிவிடல் / உருளேற்றம்

ஆங்கிலச் சொல்லுக்குள் உருளுவது இருக்கிறது என்பதற்காக நாமும் உருட்ட வேண்டுமா? இன்றைய பிள்ளைகளிடம் "உருட்டு" என்றால் என்ன பொருள் என்று கேட்டுப் பாருங்கள். மேலாண்மை இயக்குநர் கையெழுத்தோடு "மென்பொருள் உருட்டல் திட்டம்" என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் அதைப் படம் பிடித்து எங்கெங்கே அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும்.

> தேரோட்டம் என்று வைத்தால் என்ன? வெள்ளோட்டம் ஏற்கனவே இருக்கிறதே.

இது எனக்கும் பிடித்தது. புதுத்தேரைச் சாமி ஏற்றாமல் இழுத்துப் பார்ப்பது வெள்ளோட்டம். சோதனை ஓட்டத்துக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. தேர்க்காரர்களிடம் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது: முட்டுக்கட்டை. பேச்சுவழக்கில் அதற்கு வேண்டாத தடை என்று பொருளாக்கிவிட்டோம். உண்மையில் தேரை நிறுத்துவதும் வீதி முனையில் திருப்புவதும் அந்தக் கட்டைதான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்த பிறகும் கட்டை போடுகிறவர்களுக்கு வேலை போகவில்லை. எங்கள் திட்டத்திலும் முட்டுக்கட்டை என்றே ஒரு பத்தி வைத்திருக்கிறேன்: எந்தக் குறி தெரிந்தால் யார் நிறுத்தலாம் என்று. மேலாளரைக் கேட்காமலே கவுன்ட்டரில் இருப்பவர் நிறுத்தலாம்.

ஆனால் மொத்த வேலைக்கும் தேரோட்டம் என்று பெயர் வைக்கத் தயக்கமாக இருக்கிறது. தேர் ஒன்றுதான், அது வீதியைச் சுற்றி நிலைக்கு வந்துவிடும். நம் மென்பொருள் அப்படித் திரும்பி வராது, வந்தால்தான் பிரச்சினை.

என் முன்மொழிவு: புழக்கேற்றம். நாணயத்தைப் "புழக்கத்தில் விடுகிறார்கள்" என்கிறோம். ஒரே நாளில் எல்லார் மடியிலும் விழுவதில்லை, கை மாறி மாறிப் பரவுகிறது. அரங்கேற்றம், குடியேற்றம் இருக்கிற வரிசையில் இதுவும் உட்காரும். புழக்கேற்றத் திட்டம், புழக்கேற்ற நாள் என்று சேர்த்துச் சொல்லவும் வருகிறது. தனித்தனி அலைகளாகப் போவதற்குக் "கட்டம்" என்ற சொல் இருக்கிறது, தேர்தல் புண்ணியத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் என் மனம் "பந்தி" பக்கம் சாய்கிறது. சாம்பாரில் உப்பு குறைவு என்பது முதல் பந்தியில் தெரிந்தால் இரண்டாம் பந்திக்குள் சரிசெய்துவிடலாம்.

கருத்துச் சொல்லுங்கள்.
திருச்சியிலிருந்து

---

வணக்கம்,

சுவாரசியமான இழை. இங்கே யாழ்ப்பாணத்திலை "அமுலாக்கம்" எண்டால் ஒருத்தரும் பயப்பிட மாட்டினம். அமைச்சுச் சுற்றுநிருபத்திலையும் அதுதான். சோதனைக்குப் "பரீட்சார்த்தம்" எண்டும் எழுதுறது, வெள்ளோட்டமும் புழக்கத்திலை இருக்கு. எங்கட வாயிலை முதலிலை வாறது "பாவனைக்கு விடுறது" எண்டதுதான். ஆனால் உங்கட பக்கம் பாவனை எண்டால் நடிப்பெல்லோ? பாவனையாளர் எண்டு எழுதினதுக்கு ஒருக்கால் ஒரு சென்னை நண்பர் சிரிச்சவர். அதாலை புழக்கேற்றத்துக்கு என்ர வாக்கு. இரண்டு கரையிலையும் விளங்கும்.

ஒரு விசயம் மட்டும். படிப்படியாகப் போறது நல்லது, ஆனால் போய் முடிஞ்சதோ எண்டு எண்ணிப் பாக்கிறதும் அந்தச் சொல்லுக்குள்ளை வரவேணும். 2012 ஓகஸ்ட் 1-ஆம் திகதி அமெரிக்காவிலை நைட் கப்பிட்டல் எண்ட பங்குவணிக நிறுவனத்துக்கு நடந்தது தெரியுந்தானே? எட்டு வழங்கிகளிலை ஏழுக்குத்தான் புது நிரல் போனது. விடுபட்ட ஒண்டிலை கிடந்த பழைய நிரல் உயிர்த்து, ஏறத்தாழ 45 நிமிசத்திலை 44 கோடி டொலருக்கு மேலை நட்டம். பந்தி வைக்கிறது சரி, கடைசியிலை ஒருத்தர் சாப்பிடாமல் நிக்கிறாரோ எண்டு வீட்டுக்காரர் பாக்க வேணும்.

---

ஐயா, புழக்கேற்றத்தின் பொருளில் குறையில்லை, புணர்ச்சியில் இருக்கிறது. மரம் + அடி = மரவடி என்பது நன்னூல் வழி. அப்படியானால் புழக்கம் + ஏற்றம் = புழக்கவேற்றம் என்றே வர வேண்டும். அரங்கேற்றத்தில் இருப்பது அரங்கு, குடியேற்றத்தில் குடி. அவற்றைச் சான்றாகக் காட்ட முடியாது. வேண்டுமானால் அடங்கு–அடக்கு, மடங்கு–மடக்கு போலப் புழங்கு என்பதற்குப் புழக்கு என்று பிறவினை ஆக்கி, "புழக்கல்" என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளலாமே?

---

ஐயாவுக்கு வணக்கம்.

புழக்கல் அழகாகத்தான் இருக்கிறது, இலக்கணமும் சுத்தம். ஆனால் தட்டச்சில் ஒரு உகரம் கூடினால் புழுக்கல், அதாவது புழுங்கல் அரிசி ஆகிவிடும். நியாயவிலைக் கடையும் நடத்துகிற சங்கம் இது. "வரும் வாரம் புழுக்கல்" என்று சுற்றறிக்கை போனால் மக்கள் பையோடு வந்து நிற்பார்கள். உங்கள் புழக்கு என்ற அடியையே கடன் வாங்கிக்கொள்கிறேன்: புழக்கு + ஏற்றம் = புழக்கேற்றம். இப்போது நன்னூலார் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

யாழ்ப்பாண நண்பர் சொன்னதும் திட்டத்தில் ஏறிவிட்டது. ஒவ்வொரு பந்தி முடிவிலும் கிளை வாரியாகப் பதிப்பு எண்ணைக் கேட்டு எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது: பழையதற்குத் திரும்புவது. ஒருவர் "பின்சுருட்டல்" என்று எழுதியிருந்தார். பாய் நினைவுதான் வருகிறது. இதில் சொல்லைவிடச் சிக்கல் வேறு. போஸ்ட்கிரெஸின் புதிய பெரும்பதிப்பு எழுதிய கோப்புகளைப் பழையது படிக்காது. மாற்றிய அன்று மாலை திரும்பினால் அன்றைய வரவுசெலவை மட்டும் மறுபடி ஏற்றினால் போதும். பத்து நாள் கழித்துத் திரும்புவது நடக்காத காரியம். அதனால் "இந்த நேரம் வரை திரும்பலாம்" என்று ஒரு கெடுவையும் சேர்த்தே எழுத வேண்டும். இதற்கு நல்ல சொல் தோன்றினால் தனி இழையில் போடுங்கள்.

சுற்றறிக்கை வரைவு இது. வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிழை கண்டால் அதற்குள் சொல்லுங்கள்.

"புதிய கணக்கு மென்பொருளின் புழக்கேற்றம் மூன்று பந்திகளாக நடைபெறும். ஒவ்வொரு கிளையின் முறையும் நாளும் பின்னிணைப்பில் உள்ளன. மாத முதல் வாரத்திலும், முகூர்த்த நாள்களிலும், மார்ச் மாதத்திலும் எந்தக் கிளையும் மாற்றப்படாது. மாற்றும் நாளன்று முதல் பத்து நகைக்கடன் ரசீதுகளின் எடையைப் பழைய பேரேட்டுடன் ஒப்பிட்ட பின்னரே வாடிக்கையாளரிடம் வழங்க வேண்டும். வேறுபாடு தெரிந்தால் கவுன்ட்டர் பணியாளரே உடனே நிறுத்தலாம், முன்அனுமதி தேவையில்லை. அன்று மாலை 4 மணிக்குள் தகவல் தந்தால் கிளை பழைய மென்பொருளுக்குத் திருப்பப்படும்."

அந்தக் கிளைச் செயலாளருக்கும் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "மாலை 4 மணி வேண்டாம் சார், மூணரைன்னு போடுங்க. நாலு மணிக்கு நாங்க பணத்தை எண்ணிக்கிட்டு இருப்போம்." அச்சுக்குப் போகும் பிரதியில் மாற்றிவிட்டேன்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து