செக்வேலா: பின்விளைவா, நோயெச்சமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்பானிய மருத்துவக் குறிப்புகளில் அடிக்கடி வரும் ‘செக்வேலா’வுக்கு (secuela) நம் கலைச்சொல் பட்டியலில் ‘பின்விளைவு’ என்று போட்டிருக்கிறோம். (வேலனுக்கும் இதற்கும் தொடர்பில்லை, பின்தொடர்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல்.) எனக்கு அது போதவில்லை. மருந்து ஒத்துக்கொள்ளாமல் வாந்தி வந்தாலும் பின்விளைவு என்கிறோம், தேர்தலில் தோற்றாலும் பின்விளைவு என்கிறோம். செக்வேலா அப்படியல்ல. நோய் போய்விட்டது, அது விட்டுப்போனது மட்டும் போகவில்லை என்கிற நிலை அது.

1981இல் ஸ்பெயினில் நடந்ததைப் பாருங்கள். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கென்று அனிலின் என்ற வேதிப்பொருள் கலந்த கோல்சா என்னும் கடுகின எண்ணெயைச் சமையல் எண்ணெய் என்று சொல்லித் தெருத்தெருவாக விற்றுவிட்டார்கள். ஏறத்தாழ 20,000 பேருக்குப் பாதிப்பு, நூற்றுக்கணக்கில் சாவு. பிழைத்தவர்கள் பலருக்குத் தசைப்பிடிப்பும், தோல் இறுக்கமும், கைகால் மரத்துப்போவதும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. இவைதான் செக்வேலா.

என் பரிந்துரை ‘நோயெச்சம்’. குறளில் (674) ‘தீயெச்சம்’ இருக்கிறது. அணையாமல் விட்ட மிச்சத் தீ பிறகு சுடும் என்கிற அதே பொருள்தான் இங்கேயும்.

போர், பொருளாதார நெருக்கடி, கசந்துபோன மணவாழ்க்கை என்று எதற்கும் ‘செக்வேலா விட்டுச்சென்றது’ என ஸ்பானியர்கள் எழுதுவார்கள். அங்கே நோயெச்சம் ஒட்டாது. ‘போரின் வடுக்கள்’ என்று நம் நாளிதழ்கள் எழுதிப் பழகிவிட்டன, அதுவே இருக்கட்டும்.

——

ஐயா,

நோயெச்சம் நல்ல சொல்தான். ஆனால் எச்சம் என்றதுமே என் மாணவர்கள் காக்கையைத்தான் நினைப்பார்கள்! அப்புறம், விபத்துக்கு என்ன செய்வது? ஸ்பெயினின் 2015ஆம் ஆண்டுச் சாலை விபத்து இழப்பீட்டுச் சட்டம் உயிரிழப்பு, செக்வேலா, தற்காலிகக் காயம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. லாரி மோதி முழங்கால் மடங்காமல் போனவருக்கு நோயெச்சம் என்று எழுத முடியுமா? ‘எச்சப்பாதிப்பு’ என்றால் இரண்டுக்கும் ஆகும். மருத்துவத்திலும் ‘வடு’வையே வைத்தால் என்ன என்றும் ஒரு யோசனை.

——

காக்கைக்குப் பயந்தால் பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் இலக்கணத்திலிருந்து தூக்க வேண்டியிருக்கும். விபத்து பற்றிச் சொன்னது சரி, மறுக்க வழியில்லை.

வடு மட்டும் வேண்டாம். நீங்கள் சொன்ன அதே சட்டம் உடல், மனச் செக்வேலாவுக்கு இழப்பீட்டுக் கணக்கில் 100 புள்ளி வரையும், தழும்பு போன்ற தோற்றக் குறைக்குத் தனியாக 50 புள்ளி வரையும் வைத்திருக்கிறது. வடு என்று மொழிபெயர்த்தால் இரண்டு கணக்கும் குழம்பி, இழப்பீடு கேட்பவர் பாடு திண்டாட்டமாகிவிடும். எச்சப்பாதிப்பைப் பொதுச்சொல்லாகவும், நோயால் வருவதற்கு மட்டும் நோயெச்சத்தையும் பட்டியலில் ஏற்றுவோம்.

திரைப்படத்தின் அடுத்த பாகத்தையும் அவர்கள் செக்வேலா என்கிறார்கள். அதற்கு ‘இரண்டாம் பாகம்’ இருக்கவே இருக்கிறது, புதுச்சொல் தேடி அலைய வேண்டாம்.