எல்எல்.எம். பெர்சனல் ஸ்டேட்மென்ட்: "சிறு வயது முதலே நீதியின் மேல் ஆர்வம்" என்பதைத் தவிர என்ன எழுதுவது?

பாரூர்_பொண்ணு:

தருமபுரி அரசு சட்டக் கல்லூரியில் மூன்று வருட எல்எல்.பி. முடித்துவிட்டு கிருஷ்ணகிரி கோர்ட்டில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். அடுத்த செப்டம்பரில் இங்கிலாந்தில் எல்எல்.எம். (சட்ட மேற்படிப்பு) சேர விண்ணப்பிக்கப் போகிறேன். மார்க் ஷீட், ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் தேர்வு மார்க், சிபாரிசுக் கடிதம் எல்லாம் ஒரு வழியாகக் கைக்கு வந்தாச்சு, எதற்காகப் படிக்க வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தர வேண்டிய இந்த பெர்சனல் ஸ்டேட்மென்ட் மட்டும் இடத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறது. ஒரு கன்சல்டன்சியில் மாதிரிக்கு ஒன்று கொடுத்தார்கள், "சிறு வயது முதலே அநீதியைக் கண்டால் என் உள்ளம் கொதிக்கும்" என்று ஆரம்பிக்கிறது. சின்ன வயசில் எனக்கு உள்ளம் கொதித்ததெல்லாம் தம்பி டிவி ரிமோட்டைப் பிடுங்கியபோதுதான்.

அப்பா மாங்கூழ் கம்பெனியில் சீசன் வேலை, வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி, இதையெல்லாம் எழுதலாமா, இல்லை பரிதாபம் தேடுவது போல ஆகிவிடுமா? பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஒரு பேப்பரில் அரியர் விழுந்து அடுத்த செமஸ்டரில் முடித்தேன், அதற்குக் காரணம் சொல்லணுமா? அப்புறம் வாச்சாத்தி வழக்கைப் பற்றி, அதாவது அரூர் பக்கத்து மலைகிராமத்தில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் நடத்திய வன்முறை பற்றி, ஒரு பத்தி வைத்திருக்கிறேன், அது நடந்தபோது தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் ஒன்றுதானே. எடுபடுமா?

ஓசூர்_டு_லண்டன்:

முதலில் நெட்டில் கிடைக்கிற மாதிரிகளைப் பார்ப்பதை நிறுத்துங்க. அதில் நிறைய ஜே.டி. என்கிற அமெரிக்கச் சட்டப் படிப்புக்கு எழுதினவை. அங்கே ஏதோ ஒரு டிகிரி முடித்துவிட்டுத்தான் சட்டத்துக்கே வருவார்கள், அதனால் "நீ யார்" என்பதுதான் கேள்வி, பாட்டி கதையும் ஓடும். இங்கிலாந்தில் எல்எல்.பி. என்றால் யூகாஸ் என்கிற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக, மொத்தம் 4,000 எழுத்து, 2026 சேர்க்கையில் இருந்து அதையும் மூன்று கேள்வியாகப் பிரித்துவிட்டார்கள். உங்களுடையது இந்த ரெண்டும் இல்லை. எல்எல்.எம்.-க்கு வருகிறவர் ஏற்கெனவே வக்கீல், அவரிடம் "சட்டம் ஏன் பிடிக்கும்" என்று யாரும் கேட்கப் போவதில்லை. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் (எல்.எஸ்.இ.) இதற்குப் பெயரே ஸ்டேட்மென்ட் ஆஃப் அகடமிக் பர்ப்பஸ். எதைப் படிக்கப் போகிறாய், அதற்கு எங்களிடம் ஏன் வருகிறாய், இவ்வளவுதான் கேள்வி.

முதல் பட்டதாரி என்பதை எழுதுங்க, ஒரே வரியில், உண்மையாக. அதை மூன்று பத்திக்கு இழுத்தால்தான் பரிதாபம். தமிழ் மீடியத்துக்கு மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டவே வேண்டாம், கிராமத்து சாட்சியைத் தமிழில் விசாரித்து இங்கிலீஷில் வாதம் எழுதுகிற ஆள் நீங்க, அது தகுதி. அரியரை ஸ்டேட்மென்ட்டுக்குள் இழுக்காதீங்க, ஃபார்மில் தனியாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்க. பிரிட்டிஷ் அரசின் செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கும் போடுவதாக இருந்தால் அதன் கட்டுரைகள் வேறு, இதை வெட்டி அங்கே ஒட்ட முடியாது. அதற்கு ரெண்டு வருட வேலை அனுபவம் வேணும், படிப்பு முடிந்ததும் ரெண்டு வருடம் ஊரில் இருக்கணும், அதையும் இப்பவே கணக்கில் வையுங்க.

சரி, ஒன்று சொல்லுங்க. இப்போ உங்க டேபிளில் எந்தக் கேஸ் கட்டு இருக்கு? உங்களைத் தூங்க விடாத கட்டு எது?

சும்மா_பாக்கறவன்:

ஏ.ஐ.யிடம் சொன்னால் அஞ்சு நிமிஷத்தில் எழுதித் தருமே, இதுக்கு எதுக்கு இவ்வளவு அலட்டல்?

ஓசூர்_டு_லண்டன்:

தரும். அந்தக் கன்சல்டன்சி தந்ததும் அதே சரக்குதான், உள்ளம் கொதிக்கும்.

பாரூர்_பொண்ணு:

சீனியரிடம் இருப்பதில் பாதி நில எடுப்பு வழக்கு. தொழிற்பேட்டைக்கு எடுத்த நிலம். இழப்பீட்டை முடிவு செய்கிற அவார்டு விசாரணைக்கு ஒரு அம்மா மஞ்சப்பையில் அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகலோடு வந்தார். அதில் மாமரத்துக்கு "மா" என்று ஒரு எழுத்து, பக்கத்தில் பரப்பளவு, அவ்வளவுதான். மதிப்பீட்டுப் பட்டியலில் காய்க்கிற மரம், காய்க்காத மரம் என்று ரெண்டே வகை. அந்த அம்மாவோ இது பெங்களூரா ரகம், மூத்தவன் பிறந்த வருஷம் நட்டது, இது செந்தூரா ரகம், கிணறு வெட்டினப்போ வச்சது என்று மரம் மரமாகச் சொல்கிறார், அதை எழுதிக்கொள்ள ஃபார்மில் கட்டமே இல்லை. நான் கடைசியில் வக்காலத்துக்குப் பின்பக்கம் பென்சிலில் எழுதிக்கொண்டேன். ஆனால் இதெல்லாம் லண்டன் புரொஃபசருக்கு எதற்கு?

வாய்தா_மாமா:

ஏம்மா, இதைக் கையில் வைத்துக்கொண்டா வாச்சாத்தியைத் தேடிப் போனாய்? அது பெரிய வழக்கு, மறுக்கவில்லை. 1992 ஜூனில் நடந்தது, 2011-இல் நம்ம தருமபுரி செஷன்ஸ் கோர்ட் 269 பேரையும் குற்றவாளி என்றது, 2023-இல் ஹைகோர்ட் உறுதி செய்தது. ஆனால் அப்போ நீ பிறந்திருக்கவே மாட்டாய், அந்தக் கட்டை நீ தொட்டதும் இல்லை. அரூர் பக்கம் இருந்து வருகிற யாரும் எழுதக்கூடிய பத்தியை நீ எதற்கு எழுதணும்? எடுத்துவிடு.

மாமரத்தைப் பிடி. அதற்கு அடியில் நல்ல சட்டக் கேள்வி இருக்கு. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பது 1997 மாநிலச் சட்டத்தில், இழப்பீட்டுக் கணக்கு 2013 மத்திய சட்டத்தில் இருந்து. மத்திய சட்டத்தில், நிலம் எடுத்தால் ஊருக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே பார்க்கிற சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு, மாநிலச் சட்டத்தில் கிடையாது. 2019 ஜூலையில் ஹைகோர்ட் அந்த மாநிலச் சட்டம் செல்லாது என்றது, அதே வருஷம் சட்டசபையில் இன்னொரு சட்டம் போட்டு அதற்கு உயிர் கொடுத்தார்கள், 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் அது செல்லும் என்றுவிட்டது. மரத்துக்கு விலை வைக்கும்போது தோட்டக்கலை தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று மத்திய சட்டம் 29-ஆவது பிரிவு சொல்கிறது, மரத்துக்குச் சொந்தக்காரி சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது? முன்கூட்டியே ஊரில் உட்கார்ந்து தாக்கத்தை விசாரித்திருந்தால் அந்தக் கணக்கு வெளியே வந்திருக்குமா? இதைக் கேட்டாலே போதும், பதில் தெரியணும் என்று அவசியம் இல்லை. பதில் தெரிந்தால் நீ எதற்கு அங்கே போகணும்.

ஒரு எச்சரிக்கை. கட்சிக்காரர் பெயர், ஊர், சர்வே நம்பர் எதுவும் வரக்கூடாது. கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக்கூடாது என்பதை சாட்சிய சட்டம் 126 என்று படித்திருப்பாய், இப்போ பாரதிய சாட்சிய அதினியத்தில் 132. உன் சீனியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. இங்கேயும் இதற்கு மேல் விவரம் போடாதே.

பாரூர்_பொண்ணு:

நன்றி சார், ஊர் எங்கேயும் வராது. சீனியர் சரி என்றுவிட்டார். ராத்திரி உட்கார்ந்து முதல் பத்தி எழுதினேன், தமிழில் அதன் சாரம் இது: "நான் பயிற்சி செய்யும் மாவட்டத்தில் நிலத்துக்கு விலை வைக்கும் படிவத்தில் மரத்துக்கு ரெண்டு கட்டம் இருக்கிறது. அந்த ரெண்டு கட்டத்துக்குள் அடங்காத தகவலோடு வந்த ஒருவரின் வழக்கில் நான் உதவியாளராக இருந்தேன். ஏழை விவசாயிகளின் கண்ணீரைத் துடைக்க இந்தப் படிப்பு எனக்கு உதவும் என்று உறுதியாக நம்புகிறேன்."

ஓசூர்_டு_லண்டன்:

முதல் ரெண்டு வாக்கியம் பிரமாதம், கை வைக்காதீங்க. மூணாவது அந்தக் கன்சல்டன்சி வாக்கியம், பின்வாசல் வழியாக வந்துவிட்டது. அந்த இடத்தில் மாமா கேட்ட கேள்வியை வையுங்க, அடுத்த பத்தியில் மாநிலச் சட்டமும் மத்திய சட்டமும் மோதுகிற இடம், அதற்கு அடுத்து நீங்க போடுகிற யூனிவர்சிட்டியில் சொத்துச் சட்டம், மனித உரிமை, ஒப்பீட்டு அரசமைப்புச் சட்டம் இதில் எந்தப் பாடம் உண்மையிலேயே இருக்கிறதோ அதன் பெயர். ஒரே பத்தியை அஞ்சு யூனிவர்சிட்டிக்கும் அனுப்பிவிட்டு பெயரை மட்டும் மாற்றாதீங்க, மாற்ற மறந்து ஒருத்தர் ரிஜெக்ட் ஆனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைசியில் திரும்பி வந்து என்ன வழக்கு நடத்தப் போறீங்க என்று ரெண்டு வரி, கிருஷ்ணகிரி என்றே எழுதுங்க, அவங்க மேப்பில் தேடிக்கொள்ளட்டும்.

வாய்தா_மாமா:

வார்த்தை வரம்பு எவ்வளவு என்று ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகப் பாரும்மா, சில இடத்தில் பக்கக் கணக்கு, சில இடத்தில் வார்த்தைக் கணக்கு. முடித்ததும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு மெசேஜில் அனுப்பு, வேர்டு ஃபைலாக அனுப்பு, பி.டி.எஃப். என்றால் எனக்குத் திருத்த வராது.