மும்பை வீட்டில் 14 கிட்டார், 5 ஆம்ப்: சுவரில் மாட்டவா, பெட்டியில் பூட்டவா?

செம்பூர்_ஸ்ட்ராட்

கலெக்‌ஷனைப் பெட்டிக்குள்ள பூட்டி பரண்ல அடுக்கினா அதுக்குப் பேரு கோடவுன். சுவர்ல மாட்டணும், வர்றவங்க பாக்கணும், கை நீட்டினா எடுத்து வாசிக்கணும். அவ்வளவுதான் என் கட்சி.

கணக்கு இதுதான். 14 எலெக்ட்ரிக் கிட்டார், கிட்டார் சத்தத்தைப் பெருக்குற 5 வால்வு ஆம்ப், செம்பூர்ல 2 பிஎச்கே. ஹால் சுவர் 12 அடி நீளம், ஒன்பதரை அடி உயரம். ஹேங்கருக்கு ஹேங்கர் 16 அங்குலம் விட்டா ஒரு வரிசைக்கு 9 நிக்கும். ரெண்டு வரிசை போட்டு, அடியில ஆம்ப் எல்லாத்தையும் வரிசையா வெச்சுடலாம்.

தொங்கவிட்டா கிட்டார் கழுத்து வளைஞ்சிடும்னு பயமுறுத்துறவங்களுக்கு முன்கூட்டியே பதில்: 25.5 அங்குல ஸ்கேல்ல (தந்தி நீளம்) 10-46 தடிமன் தந்தி செட் போட்டு ஸ்டாண்டர்டுக்கு ட்யூன் பண்ணா, ஆறு தந்தியும் சேர்ந்து இழுக்குறது சுமார் 46 கிலோ. தொங்குற கிட்டாரோட எடை மூணரை, நாலு கிலோ. 46-ஐ வருஷக்கணக்கா தாங்குற கழுத்துக்கு இந்த 4 எம்மாத்திரம்?

சயான்_செட்டப்

கழுத்துக் கணக்குல யாருக்கும் தகராறு இல்ல சார். தகராறு காத்தோட. கிட்டார் மரத்துக்கு 45-லேர்ந்து 55 சதவீதம் ஈரப்பதம் இருந்தா போதும். ஜூன் பாதியில ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் இந்த ஊர்ல அது 80-ஐத் தாண்டி நிக்கும். உடம்புக்கும் கழுத்தோட பின்பக்கத்துக்கும் பாலிஷ் இருக்கு, சரி. ரோஸ்வுட், எபோனி ஃபிங்கர்போர்டுக்கு (விரல் வெச்சு அழுத்துற முன்பலகை) மேல என்ன இருக்கு? ஒண்ணுமில்ல. வெறும் மரம், ஈரத்தைக் குடிக்கும். கழுத்து முன்னால வளையுமா பின்னால வளையுமாங்கறது கழுத்துக்குக் கழுத்து மாறும், ஆனா நகரும். 14 கிட்டாருக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவை டிரஸ் ராட் (கழுத்துக்குள்ள இருந்து வளைவைச் சரிபண்ற கம்பி) வேலை இருக்குன்னு அர்த்தம்.

அளக்குறது எப்படின்னா: முதல் பிரெட்ல (கழுத்துக்குக் குறுக்கே பதிச்ச உலோகக் கம்பி) கேப்போ, அதாவது தந்தியை அழுத்திப் பிடிக்குற கிளிப் போடுங்க, கடைசி பிரெட்டை விரலால அழுத்துங்க, 7-க்கும் 8-க்கும் நடுவுல ஆறாம் தந்திக்கு அடியில ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) விடுங்க. 0.25 மில்லிமீட்டர் வந்தா நல்லது. டிரஸ் ராட் நட்டைத் திருப்பும்போது எட்டுல ஒரு பங்கு சுத்து, மறுபடி ட்யூனிங், மறுபடி அளவு. சாவியைக் கண்ணால மதிப்பிடாதீங்க. நட்டுக்கு 1/8 அங்குல சாவி வேணும்னா அது 3.175 மில்லிமீட்டர். கையில கிடைச்ச 3 மில்லிமீட்டர் ஆலன் கீயைப் போட்டுத் திருகினா நட்டோட உள்முனை மழுங்கிடும். அப்புறம் அதை வெளியே எடுக்குற கூலியில ஒரு புது கழுத்தே வாங்கலாம். கிப்சன் கம்பெனி கிட்டார்னா கதை வேற, அதுக்கு 5/16 அங்குல பாக்ஸ் ஸ்பேனர்.

இன்னொண்ணு. அந்த 14-ல நைட்ரோசெல்லுலோஸ் பாலிஷ் எத்தனை? சாதாரண ஹேங்கர்ல இருக்குற ரப்பர், ஃபோம்ல கலந்திருக்குற பிளாஸ்டிசைசர் நைட்ரோவுக்குள்ள இறங்கும். பாலிஷ் முதல்ல பிசுபிசுக்கும், அப்புறம் ஹேங்கர் அச்சோட உரிஞ்சு வரும். பாலி (பாலியூரித்தேன், பாலியெஸ்டர்) பாலிஷுக்கு இந்தக் கவலை இல்ல. ஃபெண்டர் கம்பெனி அறுபதுகளோட கடைசியிலயே பெரும்பாலும் பாலிக்குப் போயிட்டாங்க, கிப்சன் அமெரிக்காவுல செய்யுறதுல இன்னும் நைட்ரோதான். நைட்ரோ எல்லாம் பெட்டிக்குள்ள போகட்டும்.

செம்பூர்_ஸ்ட்ராட்

பெட்டிக்குள்ள மட்டும் என்ன ராஜஸ்தானா? மழைக்காலத்துல மூடி வெச்ச கேஸை ஆகஸ்ட்ல திறந்து பாருங்க. உள்ள இருக்குற வெல்வெட்டு மாதிரித் துணி ஈரத்தை இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கும், காத்தோட்டம் கிடையாது, தோல் ஸ்ட்ராப்ல வெள்ளையா பூஞ்சை. சுவர்ல மாட்டினா தினமும் கண்ணுல படும், துரு ஆரம்பிக்கும்போதே தெரியும், மேல ஃபேன் சுத்துது.

நைட்ரோவுக்கு ஹேங்கர் கொம்புல காட்டன் துணி சுத்தினா வேலை முடிஞ்சது. ஹாலுக்கு ஒரு 20 லிட்டர் டீஹ்யூமிடிஃபையர், ஈரப்பதம் அளக்க ஒரு ஹைக்ரோமீட்டர். 14 பெட்டியைத் தனித்தனியா காபந்து பண்றதைவிட ஒரு அறையைக் காபந்து பண்றது சுலபம்.

சயான்_செட்டப்

துணி சுத்துறது சரியான யோசனை, ஒத்துக்கறேன். ஆனா துணி நழுவி ரப்பர் தொடுதான்னு அடிக்கடி பாருங்க.

அந்த 20 லிட்டர் பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதத்துல அளந்த கணக்கு. அறை காய ஆரம்பிச்சதும் பாதிகூட வராது. அதுவும் ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியிருந்தாத்தான். ஹால்னா கதவு திறந்து மூடிக்கிட்டேதான இருக்கும்? சமையக்கட்டு ஆவியும் அங்கதான் வரும். கலெக்‌ஷனைக் காபந்து பண்ணணும்னா சின்ன பெட்ரூமைக் கொடுங்க, ஹாலை இல்ல. ஏசி இருந்தா காத்து நேரா கிட்டார் மேல அடிக்கக் கூடாது. நைட்ரோ பாலிஷ் சடார்னு குளிர்ந்தா மெல்லிசு விரிசலா கோடு கோடா ஓடும்.

பூஞ்சை பத்தி நீங்க சொன்னதும் நிஜம், ஆனா அது பெட்டியோட குத்தமில்ல, ஈரத்தோட மூடினவங்க குத்தம். வாசிச்சு முடிச்சதும் தந்தி, பிரிட்ஜ் ரெண்டையும் துடைச்சு, அரை மணி நேரம் வெளிய ஆற விட்டு மூடணும். உள்ள அரைக் கிலோ சிலிக்கா ஜெல், துணிப்பையில. எந்த கேஸும் காத்து புகாத டப்பா கிடையாது, அதனால ஜெல் சீக்கிரமே நிரம்பிடும். ஆரஞ்சு நிறம் பச்சையாச்சுன்னா 120 டிகிரி ஓவன்ல ரெண்டு மூணு மணி நேரம் வறுத்து மறுபடி போடுங்க. வறுக்காம பேருக்கு உள்ள கிடக்குற பை ஒண்ணுக்கும் உதவாது.

மாட்டுங்கா_மல்டிமீட்டர்

ரெண்டு பேரும் கிட்டாரைப் பத்தியே பேசுறீங்க. சுவர் என்ன சுவர்?

பழைய பில்டிங் செங்கல் சுவர்னா மேல 12-லேர்ந்து 15 மில்லிமீட்டர் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சுக்குள்ள மட்டும் ஸ்க்ரூவைப் பிடிக்குற பிளக் உக்காந்தா பூச்சோட சேர்ந்து கிட்டாரும் கீழ வரும். 8 மில்லிமீட்டர் பிட்டால துளை, பிளக்கோட முழு நீளமும் செங்கல்லுக்குள்ள போற ஆழம், தூளை ஊதி வெளிய எடுத்துட்டு பிளக், அப்புறம் 60 மில்லிமீட்டர் ஸ்க்ரூ. புது டவர்னா பல இடத்துல ஏஏசி பிளாக் (காத்துக்குமிழி நிறைஞ்ச லேசான கான்கிரீட் கல்). ஆணி அடிச்சாலே புட்டு மாதிரி உதிரும். அதுல சாதாரண பிளக் நாளாக ஆக லூஸ் ஆகும், ஏஏசிக்குன்னே செய்யுற அகலமான புரி வெச்ச பிளக் வேணும். வெளிச்சுவர்ல மாட்டவே மாட்டாதீங்க. மழைல லீக்கேஜ் வர்றது அந்தச் சுவர்லதான், கிட்டாரோட முதுகுப்பக்கம்தான் அதைக் குடிக்கும். ரெண்டு அறைக்கு நடுவுல இருக்குற சுவரா பாருங்க.

உயரக் கணக்குலயும் ஓட்டை இருக்கு. ஒரு கிட்டார் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். ரெண்டு வரிசைக்கு 80 அங்குலம் போனா அடியில மிச்சம் 34. அதுல காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில இருக்குறது) நிக்கும். 12 அங்குல ஸ்பீக்கர் நாலு இருக்குற 4x12 கேபினெட்டே 30 அங்குலம், மேல ஹெட் (தனி ஆம்ப்) வெச்சா கீழ் வரிசைல இடிக்கும். காம்போவே வெச்சாலும் வால்வு சூடு நேரா மேல கிட்டாருக்குத்தான் ஏறும். ஆம்ப் எதிர்ச் சுவர்ல இருக்கட்டும்.

டோம்பிவிலி_ட்யூப்

ஆம்ப் பேச்சு வந்ததால நான் வர்றேன். அஞ்சுல எத்தனை அமெரிக்காவுல வாங்கினது, எத்தனை ஜப்பான்?

பின்பக்க லேபிள்ல 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்னு மட்டும் இருந்தா 230-ல நேரா செருகினா கதை அன்னிக்கே முடிஞ்சது. வோல்டேஜைக் குறைக்குற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும். 100 வாட் வால்வு ஆம்ப் முழுசா வாசிக்கும்போது 300, 400 வாட் வரைக்கும் இழுக்கும், அதனால 500 விஏ-க்குக் குறைஞ்சு வாங்காதீங்க. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுத்தின டிரான்ஸ்ஃபார்மர் இங்க 50 ஹெர்ட்ஸ்ல ஓடும்போது கோர்ல காந்தப்பாய்வு 20 சதவீதம் கூடும், தொட்டா சுடும். ஜப்பான் ஆம்ப் 100 வோல்ட். அதை 120 ஸ்டெப் டவுன்ல போட்டா வால்வோட 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7.5-க்கு மேல போகும். வேலை செய்யுறமாதிரிதான் இருக்கும், வால்வு ஆயுசு மட்டும் உருகும்.

காட்சிக்கு வெச்ச ஆம்புக்கு இன்னொரு வியாதி: எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர். வருஷக்கணக்கா கரண்ட் பாக்காம கிடந்தா உள்ள இருக்குற ஆக்சைடு படலம் கெடும். திடீர்னு 450 வோல்ட் விழுந்தா ஃப்யூஸ் போகும், இல்ல கெபாசிட்டரே வெடிக்கும். முதல்ல சீரீஸ் பல்ப் கட்டுங்க. ஃபேஸ் ஒயர்ல தொடரா ஒரு ஹோல்டர், அதுல பழைய 100 வாட் குண்டு பல்பு. எல்ஈடி உதவாது. ஆம்பை ஆன் பண்ணா பல்பு பளிச்னு எரிஞ்சு மெல்ல மங்கிச்சுன்னா நல்ல சகுனம். முழு வெளிச்சத்துல அப்படியே நின்னா உள்ள ஷார்ட், உடனே ஆஃப். மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொண்ணையும் அரை மணி நேரம் ஓட்டுங்க, ஸ்பீக்கர் செருகியிருக்கணும். லோடு இல்லாம வாசிச்சா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள வோல்டேஜ் எகிறி இன்சுலேஷனைத் துளைக்கும்.

ஆஃப் பண்ணி பிளக்கை உருவினாலும் சேஸிக்குள்ள (ஆம்போட உலோகக் கூடு) கை விடாதீங்க. கெபாசிட்டர்ல 400 வோல்ட் காத்துக்கிட்டு இருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை முதலைக் கிளிப்ல பிடிச்சு கெபாசிட்டர் சார்ஜை இறக்கி, மீட்டர்ல பூஜ்யம் பாத்த பிறகுதான். இதெல்லாம் பழக்கமில்லாதவங்க திறக்கவே வேண்டாம்.

பாண்டுப்_பழசு

அடிப்படைக் கேள்வி ஒன்று. குடியிருப்புப் பகுதிக்கு ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45. ஒலி மாசு விதிகள் 2000-லிருந்தே இருக்கின்றன. 100 வாட் ஆம்பை ஃபிளாட்டில் எந்த வால்யூமில் வாசிப்பீர்கள்? 100 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் வித்தியாசம் 10 டெசிபல்தான், காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு சத்தம். பத்து மடங்கு அல்ல. நாலு ஆம்பை விற்றுவிட்டு ஒரு 15 வாட் வைத்துக்கொண்டால் கெபாசிட்டர், ஸ்டெப் டவுன், சுவர் உயரம், சொசைட்டி செக்ரெட்டரி எல்லாத் தலைவலியும் ஒரே நாளில் போகும். வாசிக்காத கிட்டாருக்கும் இதே நியாயம்தான். ஸ்டாம்பு சேகரிக்கலாம், அதற்கு டிரஸ் ராட் கிடையாது.

செம்பூர்_ஸ்ட்ராட்

ஐயா, கோலம் போடுறவங்ககிட்ட மாவு வீண்னு சொல்ற மாதிரி இருக்கு. நாலு EL84 வால்வு போட்ட AC30 ஆம்பும் 6L6 வால்வு போட்ட ட்வின் ஆம்பும் ஒரே சத்தமா? ஒண்ணு கடிக்கும், ஒண்ணு மணியடிக்கும். 15 வாட்ல ரெண்டும் வராது. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல சத்தத்தைக் குறைக்குற அட்டென்யுவேட்டர் போட்டா அக்கம்பக்கமும் தூங்கும்.

மல்டிமீட்டர் சொன்னபடி ஆம்ப் எதிர்ச் சுவருக்குப் போகுது. நைட்ரோ அஞ்சு, அதுவும் பெட்டிக்கே போகட்டும், சயானுக்கு அரை வெற்றி. மிச்சம் 9, ஒரே வரிசை, சுவர்லதான்.

ஒரே பிரச்சனை ஹம். ஒரு கிட்டாரை ரெண்டு ஆம்புக்குப் பிரிச்சு அனுப்புற ஏபி பாக்ஸ்ல ரெண்டு ஆம்பை சேர்த்தா உர்ர்னு வருது. அதுல ஒண்ணோட எர்த் பின்னைக் கழட்டினா நின்னுடும்னு எல்லாரும் சொல்றாங்க. கழட்டிடலாமா?

மாட்டுங்கா_மல்டிமீட்டர்

கழட்டாதீங்க. ஹம் நிக்கும், ஆனா அந்த ஆம்ப் சேஸில ஃபேஸ் கசிஞ்சா அது போக வேற வழி இல்லாம கேபிள் ஷீல்டு, பிரிட்ஜ், தந்தி, உங்க இடது கைன்னு வரும். இன்னொரு கை மைக்கையோ அடுத்த ஆம்பையோ தொட்டா நெஞ்சு வழியா போகும். ரெண்டு எர்த்தும் கேபிள் ஷீல்டும் சேர்ந்து ஒரு வளையமாகுறதுதான் ஹம்முக்குக் காரணம். அந்த வளையத்தை சிக்னல் பக்கத்துல வெட்டணும், கரண்ட் பக்கத்துல இல்ல. ஒரு அவுட்புட்ல ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்குற ஏபி பாக்ஸ் வாங்குங்க, இல்ல எலெக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற லாமிங்டன் ரோடுல 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி ஒரு பக்கத்துல போடுங்க. ரெண்டு ஆம்பையும் ஒரே போர்டுல செருகினாலே பாதி குறையும்.

சர்க்யூட்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணைக்குற ஸ்விட்ச்) இருக்கான்னும் பாருங்க. அஞ்சு ஆம்பையும் ஒரே ஸ்விட்ச்ல ஆன் பண்ணாதீங்க, எல்லா டிரான்ஸ்ஃபார்மரும் ஒரே நொடியில இழுக்குற இழுப்புல எம்சிபி (மெயின் போர்டு பிரேக்கர்) விழும்.

அதுக்கெல்லாம் முன்னாடி மீட்டரை ஏசி 750 ரேஞ்சுல வெச்சு அந்த சாக்கெட்ல மூணு அளவு எடுத்துப் போடுங்க: ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த். முதல் ரெண்டும் 230 பக்கத்துல, மூணாவது ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும்.

செம்பூர்_ஸ்ட்ராட்

ஸ்பைக் பஸ்டர் செருகியபடியே எடுத்தது: 231, 118, 109.

டோம்பிவிலி_ட்யூப்

ஐயோ.

மாட்டுங்கா_மல்டிமீட்டர்

அந்த சாக்கெட்ல எர்த் ஓட்டை மட்டும்தான் இருக்கு, பின்னால ஒயர் எங்கயும் போகலை. ஸ்பைக் பஸ்டருக்குள்ள ஃபேஸ்லேர்ந்து ஒண்ணு, நியூட்ரல்லேர்ந்து ஒண்ணுன்னு எர்த்துக்குப் போற ரெண்டு கெபாசிட்டர் 230-ஐப் பாதிப் பாதியா பிரிச்சு நிறுத்தியிருக்கு. இப்போ உங்க எல்லா ஆம்ப் சேஸியும், அதுல செருகின எல்லா கிட்டாரோட தந்தியும் 109 வோல்ட்ல இருக்கு.

பிளக் அத்தனையையும் உருவுங்க. எலெக்ட்ரீஷியன் வந்து மெயின் போர்டுலேர்ந்து எர்த் ஒயர் இழுத்து, மூணாவது அளவு ரெண்டுக்கு வந்தப்புறம் சுவரா பெட்டியான்னு சண்டையைத் தொடரலாம்.