சொட்டுநீர் மானியம் வாங்கினால் கிணற்றில் நீர் மிஞ்சுமா?

கேள்வி: உடுமலைத் தென்னை விவசாயி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 4 ஏக்கர் தென்னந்தோப்பு உள்ளது. இதுவரை வாய்க்கால் வெட்டி வட்டப்பாத்திக்குத்தான் பாய்ச்சி வருகிறேன். பகல் முழுவதும் ஓடிக்கொண்டிருந்த மோட்டார், இந்தச் சித்திரையில் இரண்டு மணி நேரத்திலேயே காற்றை இழுக்கத் தொடங்கிவிட்டது. சொட்டுநீருக்கு அரசு முழு மானியம் தருவதால் விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். ஆனால், பக்கத்துத் தோட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன் மானியத்தில் போட்ட குழாய்கள் இன்று சுருட்டப்பட்டு வரப்போரம் கிடப்பதைப் பார்க்கும்போது தயக்கமாக இருக்கிறது. என்னென்ன ஆவணங்கள் வேண்டும், கைக்காசு செலவாகுமா, உண்மையிலேயே நீர் மிஞ்சுமா என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: தாராபுரத்தான்

ஐயா, 5 ஏக்கருக்குள் நிலம் இருப்பதால் நீங்கள் சிறு விவசாயி; உங்களுக்கு 100 விழுக்காடு மானியம் உண்டு. மற்றவர்களுக்கு 75 விழுக்காடு. மத்தியத் திட்டத்தின்படி சிறு, குறு விவசாயிகளுக்கு 55 விழுக்காடுதான்; மீதியைத் தமிழக அரசு சேர்த்துத் தருகிறது. சிட்டா, அடங்கல், நிலவரைபடம், ஆதார் நகல் ஆகியவற்றோடு வட்டாட்சியர் தரும் சிறு விவசாயி சான்றும் வேண்டும். அந்தச் சான்றுக்கு முதலில் விண்ணப்பித்துவிடுங்கள். எனக்கு அதிக நாள் பிடித்தது அதற்குத்தான். மானியப் பணம் நம் கைக்கு வராது. நாம் தேர்ந்தெடுக்கும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்கே போகும். அரசு நிர்ணயித்த தொகைக்கு மேல் ஆகும் செலவு மட்டும் நம்முடையது. ஒருமுறை வாங்கினால் அதே நிலத்துக்கு ஏழு ஆண்டுகள் கழித்தே மறுபடி கிடைக்கும் என்பதால், அளவெடுக்க வரும்போது கூடவே நின்று, வரைபடத்தில் ஒவ்வொரு மரமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதில்: ஒட்டன்சத்திரம் தோட்டக்காரர்

பக்கத்துத் தோட்டத்துக் குழாய்கள் ஏன் வரப்போரம் போயின என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது, ஏனென்றால் எனக்கும் அதுவே நேர்ந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சப்பை, அதாவது சுண்ணாம்பு மிகுந்த கடின நீர். இரண்டாம் ஆண்டில் பாதி மரங்களுக்குச் சொட்டு விழவில்லை. பக்கக் குழாயின் கடைசி முனையைத் திறந்துவிட்டபோது சுண்ணாம்பு கரைத்ததுபோல் வெள்ளையாக நீர் வந்தது. பொருத்தித் தந்த நிறுவனத்துக்குப் பலமுறை சொல்லியும் ஒருவரும் வந்து பார்க்கவில்லை. பிறகு விவரம் தெரிந்த ஒருவரை அழைத்து ஆசிட் விட்டுச் சுத்தம் செய்தோம். இப்போது வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவுகிறேன்; மாதம் ஒருமுறை கடைமுனைகளைத் திறந்துவிடுகிறேன். இந்த வேலைக்கு மானியம் எதுவும் கிடையாது; அதைச் செய்ய ஆள் இல்லாவிட்டால் தயவுசெய்து குழாய் போடாதீர்கள். விண்ணப்பிக்கும் முன்பே தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

பதில்: நொய்யல் கரையான்

மூன்றாவது கேள்விதான் முதன்மையானது என்று நினைக்கிறேன். மரத்தடியில் நீர் மிஞ்சும் என்பதில் ஐயமில்லை. ஆனால், எங்கள் ஊரில் அப்படி மிஞ்சிய நீரைக் கொண்டு தரிசாகக் கிடந்த இரண்டு ஏக்கரில் வாழை வைத்தவர்களே அதிகம். அவர்களுடைய கிணறுகள் முன்பைவிடச் சீக்கிரம் வற்றின. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மின்சாரம் இலவசமாக இருக்கும்போது, மிச்சப்படுத்திய நீரைக் கிணற்றிலேயே விட்டுவைப்பதால் விவசாயிக்கு ஒரு ரூபாயும் வருவதில்லை. பஞ்சாபில் 2018-இல் வேறொரு வழியை முயன்றார்கள்: பம்புசெட்டுக்கு மீட்டர் வைத்து, ஒதுக்கிய மின்சாரத்தில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் விவசாயியின் கணக்கில் போட்டார்கள். குழாய்க்குக் கொடுப்பதோடு நிற்காமல், இறைக்காமல் விட்ட நீருக்கும் காசு கொடுக்கும் அந்த முறை இங்கும் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, பரப்பைக் கூட்டாமல் இருந்தால்தான் உங்கள் கிணறு தாங்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மேற்கொண்டு பயிர் வைக்கும் எண்ணமில்லை. இருக்கிற மரங்கள் பிழைத்தால் போதும். நாளைக் காலையில் கிணற்று நீரை ஒரு புட்டியில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, அப்படியே வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போய் வருகிறேன்.