ஷார்ட்கட்டாக மாறிய ப்ராஜெக்ட்டும் நாற்பது வினாடிக் காணொளியும்

பாளையங்கோட்டையிலிருந்து, கல்லூரி ஆசிரியர்:

மாணவர்களிடம் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு சேர்க்க வேண்டும் என்று நாங்கள் நால்வர் சேர்ந்து இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதத் தொடங்கியபோது, முதல் இரண்டு மாதங்கள் கொள்கையை மட்டுமே எழுதினோம். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தது, 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற இயங்குதளக் கருவை வெளியிட்டது, கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தவும் படித்தறியவும் பகிரவும் மாற்றி வெளியிடவும் நமக்குள்ள நான்கு உரிமைகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் செய்து போட்டோம். எங்களுக்கு அவை உயிரான செய்திகள். ஆனால், விருப்பக்குறி இட்டவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே லினக்ஸ் பயன்படுத்துபவர்களாகவே இருந்தார்கள்.

நிலைமை மாறியது ஒரு மார்ச் மாத மாலையில். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ப்ராஜெக்ட்டை பிரிண்ட் எடுக்க வந்திருந்த இறுதியாண்டு மாணவி ஒருவர், பென் டிரைவைச் செருகிப் பார்த்துவிட்டுப் பேச்சின்றி நின்றார். அவருடைய ஃபோல்டர்கள் அனைத்தும் ஷார்ட்கட்டாக மாறியிருந்தன. எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை. மறுநாள் காலைக்குள் பைண்டிங் செய்து துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார். என் பையில், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை நிறுவிய மடிக்கணினி இருந்தது. பென் டிரைவை அதில் செருகியதும், பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் அவருடைய அத்தியாயங்கள் ஐந்தும் அப்படியே இருந்தன. இந்த வகை வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை. விண்டோஸில் தெரியாதபடி அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயர்களில் ஷார்ட்கட்டுகளை வைக்கிறது. லினக்ஸ் அந்த மறைப்புக் குறியைப் பொருட்படுத்துவதில்லை. அந்த ஷார்ட்கட்டுகளும் அங்கே இயங்குவதில்லை. லிப்ரெஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளில் திறந்து, பிடிஎஃப் ஆக்கி, கடைக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். முதல் பக்கம் வெளியே வந்தபோது அந்த மாணவி கேட்ட கேள்வி: "சார், இது என்ன சாஃப்ட்வேர்? காசு கட்டணுமா?"

அவருடைய அனுமதி பெற்று, முகமோ பெயரோ தெரியாதபடி, அதே பென் டிரைவை வைத்து நாற்பது வினாடிக் காணொளி ஒன்றை எடுத்தோம். ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் பருவமாக இருந்ததால், இறுதியாண்டு வாட்ஸ்அப் குழுக்களில் அது கைமாறிக்கொண்டே போனது. அன்றிலிருந்து, மாணவருடைய ஒரு தொல்லையில் தொடங்காத எதையும் நாங்கள் வெளியிடுவதில்லை. திருட்டுப் பதிப்பு போட்டோஷாப்பை நிறுவப்போய்க் கணினியையே முடக்கிக்கொண்டவருக்கு கிம்ப் என்ற கட்டற்ற படத்திருத்த மென்பொருள், 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பழைய கணினி வைத்திருப்பவருக்கு மின்ட் என்று, ஒரு பதிவுக்கு ஒரு தொல்லை மட்டுமே.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சொல் எங்களைத் தடுத்துக்கொண்டே இருந்தது. நம் மாவட்டத்தில் 'விலையில்லா' என்றால் அரசுப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினியும் மிதிவண்டியும்தான் நினைவுக்கு வருகின்றன, ஆகவே 'இலவச மென்பொருள்' என்று எழுதியவுடன், "சும்மா கிடைப்பது நன்றாக இருக்குமா?" என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. விலையின்மையையும் உரிமையையும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லில் சொல்லவேண்டிய நெருக்கடி ஆங்கிலத்துக்கு உண்டு, நமக்கு இல்லை. 'கட்டற்ற' என்ற தனிச்சொல் நம்மிடம் இருக்கிறது. அதையே எழுதுகிறோம். பொருள் கேட்பவர்களுக்கு விளக்குகிறோம். அப்போது அந்த நான்கு உரிமைகளையும் அவர்கள் காதுகொடுத்துக் கேட்கிறார்கள்.

எங்கள் காணொளியைப் பகிர்ந்த மாணவர் ஒருவர், "லினக்ஸில் வைரஸே வராது" என்று தலைப்பிட்டிருந்தார். அது உண்மையன்று, விண்டோஸுக்காக எழுதப்பட்ட வைரஸ் அங்கே இயங்காது என்பது மட்டுமே உண்மை. தனிச்செய்தியில் எடுத்துச் சொன்னதும் அவர் திருத்திவிட்டார். ஆர்வத்தால் மிகைப்படுத்திச் சொன்ன ஒரு வரி பொய்த்துப் போனால், அடுத்து நாம் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

முக்கூடலிலிருந்து, முதுகலை மாணவி:

வணக்கம் சார். அந்தக் காணொளியைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் வீட்டில் இன்ஸ்டாகிராமுக்கு அனுமதி இல்லை. அம்மா பீடி சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர்களுடைய போனை வாங்கி, தோழியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் பார்த்தேன். என்னைப் போன்ற பெண்கள் பலர் இருக்கிறோம் என்பதால், எதை வெளியிட்டாலும் ஸ்டேட்டஸில் வைக்கும் அளவிலும் ஒன்று தாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த அரசு மடிக்கணினியில், தொடங்கும்போதே விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்று இரண்டு பெயர்கள் வரும். இரண்டாவதைத் தொட்டால் கெட்டுப்போகும் என்று யாரோ சொன்னதை நம்பி, அதை நாங்கள் ஒருநாளும் திறந்ததில்லை. சென்னையில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது என்பதை உங்கள் பதிவில்தான் அறிந்தேன். அன்றிரவே அதைத் திறந்து பார்த்தோம், எதுவும் கெட்டுப்போகவில்லை.

ஆனால் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் "பதிவிறக்கிக்கொள்ளுங்கள்" என்று இணைப்புத் தருகிறீர்கள். மின்ட் கிட்டத்தட்ட மூன்று ஜிபி இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபிதான். இரண்டு இரவுகள் முயன்றேன், இரண்டு முறையும் பாதியில் நின்றுவிட்டது. கடைசியில் அம்பாசமுத்திரத்திலிருந்து வரும் வகுப்புத் தோழர் பென் டிரைவில் கொண்டுவந்து தந்தார். இணைப்பைத் தருவதோடு, எந்த ஊரில் யாரிடம் பிரதி கிடைக்கும் என்பதையும், அவர்கள் சம்மதித்தால், எழுதுங்கள்.

முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் நானே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை மாலை 16 ஜிபி பென் டிரைவ் இரண்டுடன் வண்ணார்பேட்டைக்கு வருகிறேன். ஒன்றில் மின்ட்டையும் மற்றொன்றில் லிப்ரெஆபீஸ், கிம்ப் ஆகியவற்றின் விண்டோஸ் பதிப்புகளையும் ஏற்றித் தாருங்கள் சார்.